ஏழாம் வீட்டோடு நின்றுபோன பேய்க்குட்டிகள்

புரட்டாசி பிறந்து மூன்றாம் நாள் காலை, சிவகாசித் தெருக்களில் தீப்பெட்டி ஆபீஸ் வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடுகிற நேரத்தில், குணசீலன் அச்சகத்தின் பைண்டிங் கூடத்தைச் செல்வக்கனி திறந்தபோது, உள்ளே மூவாயிரம் பேய்கள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் முழங்கால் உயரம்தான், தலையோடு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தன, அச்சு மை வாடை இன்னும் போகவில்லை. செல்வக்கனி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள், விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் தள்ளி உக்காருங்கப்பா, கூட்டணும்" என்றாள். அவை மூக்கை உறிஞ்சிக்கொண்டே தள்ளி உட்கார்ந்தன.

அவை எங்கிருந்து வந்தன என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, பார்த்ததுமே தெரிந்துவிட்டது, முந்தின நாள் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்த படப் புத்தகத்துப் பேய்க்குட்டியேதான். அந்தப் புத்தகம் கனடாவுக்குப் போக வேண்டியது. டொராண்டோவில் சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளி நடத்துகிற பவளராணி டீச்சர், தன் பிள்ளைகள் இங்கிலீஷில் மட்டும் பயந்தால் போதாது, தமிழிலும் கொஞ்சம் பயப்படட்டும் என்று, ஐப்பசியில் வருகிற ஹாலோவீனுக்காகத் தானே பாட்டெழுதி, மருமகளை வைத்துப் படம் வரைய வைத்து அனுப்பியிருந்தார். அன்றைக்கு அங்கே பேய்க்கும் பூதத்துக்கும் திருநாள், வீடு வீடாகக் கதவைத் தட்டி மிட்டாய் கேட்கும் என்று முதலாளி குணசீலன் வேலை தொடங்கிய அன்றே பைண்டிங் மேசைப் பெண்களுக்கு விளக்கியிருந்தார்.

"பேய்க்கு முட்டாயா அண்ணாச்சி?"

"பிள்ளைகதான்மா பேய் வேஷம் போட்டுக்கிட்டு வரும்."

"இங்க நம்ம பிள்ளைக வேஷம் போடாமலே அப்படித்தான இருக்குதுக" என்றாள் ஞானசுந்தரி, பத்தாவது வரை படித்தவள், செல்வக்கனிக்குப் பக்கத்து வீட்டுக்காரி.

இனி அந்தக் கூடத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பழி யார் மேலோ போய் விழும். நான்கு பக்கமாக மடித்த தாளுக்கு எங்கள் ஊரில் ஃபாரம் என்று பேர். நீள மேசையில் ஃபாரங்களை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள், பெண்கள் மேசையைச் சுற்றி நடந்துகொண்டே ஒவ்வோர் அடுக்கிலும் ஒன்று எடுப்பார்கள், ஒரு சுற்று முடிந்தால் கையில் ஒரு புத்தகம். மற்ற அச்சகங்களில் பக்க எண்ணைப் பார்த்துச் சரிபார்ப்பார்கள், செல்வக்கனியின் மேசையில் பாடிச் சரிபார்ப்பார்கள். செல்வக்கனிக்கு எழுத்து தெரியாது, ஆனால் காதில் விழுந்தது எதுவும் தப்பாது. ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் வரியையும் ஞானசுந்தரி வாசிப்பாள், செல்வக்கனி அதற்கு ராகம் போடுவாள், பத்துப் பெண்களும் பாடிக்கொண்டே சுற்றுவார்கள். வங்கி டைரிக்கும் பாட்டு உண்டு, இயற்பியல் கைடுக்கும் உண்டு, எந்த வினைக்கும் எதிர்வினை உண்டு என்பதை ஒப்பாரி ராகத்தில் பாடி ஒரு வாரம் வேலை பார்த்திருக்கிறார்கள். பதினோரு வருஷத்தில் அந்த மேசையில் ஒரு பக்கம் விட்டுப்போனதில்லை, அந்தப் பெருமையில் செல்வக்கனியின் தலை கொஞ்சம் நிமிர்ந்தேதான் இருக்கும்.

பேய்ப் புத்தகத்துக்கு எட்டு ஃபாரம், எட்டுக்கும் எட்டுப் பாட்டு. முதல் ஃபாரத்தில்,

வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு வீதி வந்த பேய்க்குட்டி
பல்லைக் காட்டிச் சிரித்ததாம், பயந்து போச்சாம் பூனைக்குட்டி

என்று தொடங்கும். வழி தவறிய பேய்க்குட்டி வீடு வீடாகக் கதவைத் தட்டி மிட்டாய் கேட்கும், ஒரு வீட்டில் நாய், ஒரு வீட்டில் குறட்டை, ஒரு வீட்டில் பூட்டு, இப்படியே போய் ஏழாம் ஃபாரத்தில்,

ஏழு வீடும் ஏறி இறங்கி இளைத்துப் போச்சாம் பேய்க்குட்டி
வாழை மரத்தில் சாய்ந்தழ வந்து பார்த்ததாம் பூனைக்குட்டி

என்று நிற்கும். பாட்டுக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்? பேய்க்குட்டியில் தொடங்கிப் பூனைக்குட்டியில் முடிந்த பாட்டு, சுற்றி வந்து அதே பேய்க்குட்டியில், அதே பூனைக்குட்டியில் வந்து நின்றதும் வாய் முடிந்தது, வாய் முடிந்ததும் கை முடிந்தது, கை முடிந்ததும் கால் திரும்பி முதல் அடுக்குக்குப் போய்விட்டது. ஞானசுந்தரி எட்டாவதை வாசிக்க வாய் திறப்பதற்குள் பத்துப் பேரும் மறுபடி முதல் பாட்டை எடுத்துவிட்டார்கள், அவளும் கூடச் சேர்ந்து பாடிக்கொண்டு போய்விட்டாள். எட்டாவது அடுக்கு ஜன்னலோரம் நின்றது. வேறு ஏதோ வேலையின் தாள் என்று நினைத்து மத்தியானம் அதன் மேலேயே உட்கார்ந்து சோறு தின்றார்கள்.

எட்டாம் ஃபாரத்தில்தான் பேய்க்குட்டியின் அம்மா இருந்தாள். அம்மா வராமலே மூவாயிரம் புத்தகத்துக்கும் பின் அடித்து, ஓரம் வெட்டி, கட்டும் போட்டாகிவிட்டது. புத்தகத்துக்குள் வாழை மரத்தடியில் எத்தனை நேரம்தான் நிற்கும், அவை வெளியே வந்துவிட்டன.

எட்டு மணிக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டன. ரயில்வே பீடர் ரோட்டில், முருகன் கோயில் வாசலில், சர்ச் படிக்கட்டில், டீக்கடை பெஞ்சில், எங்கு பார்த்தாலும் குட்டிப் பேய்கள், கதவைத் தட்டி, புத்தகத்தில் தங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்த ஒரே பேச்சைப் பேசின: "முட்டாய் இருக்கா?" முதல் நாள் சில பேர் கதவைச் சாத்தினார்கள். ஆனால் சாத்திய கதவுக்கு வெளியே தேம்பித் தேம்பி அழுகிற சத்தம் கேட்டால் எத்தனை நேரம் சோறு இறங்கும்? மத்தியானத்துக்குள் ஊரில் கடலைமிட்டாய் தீர்ந்துபோனது, அப்புறம் பொரி உருண்டை தீர்ந்தது, அப்புறம் வீட்டு டப்பாக்களில் கிடந்த காராச்சேவையே கொடுத்தார்கள். அவை கையில் வாங்கி வைத்துக்கொண்டு, தின்னத் தெரியாமல் பார்த்தன.

வாழை மரத்தில் சாய்ந்து அழுவது அவற்றின் வேலை. எங்கள் ஊரில் ஏது அத்தனை வாழை மரம்? மின்கம்பத்தில் சாய்ந்தன, தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்தன, நின்றுகொண்டிருக்கிற ஆட்களின் கால்களில் சாய்ந்தன, காலில் பேய் சாய்ந்திருக்கும்போது நகர மனசு வராமல் கல்யாண மண்டப மேனேஜர் ஒருவர் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றார். மொட்டை மாடியில் வேட்டி என்று நினைத்து ஒருவர் உதறப் போக, அது தும்மியது. டவுன் பஸ் கண்டக்டர், மூன்றடிக்குக் கீழே டிக்கெட் இல்லை என்று சொல்லி ஏற்றிக்கொண்டார். பக்கத்துக் கிராமத்திலிருந்து வரவழைத்த கோடாங்கி, உடுக்கையைக் கையில் எடுத்து, எதிரே கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற வரிசையைப் பார்த்து, "சின்னப் பிள்ளைகள நான் விரட்டுறதில்ல" என்று உடுக்கையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

அச்சுக்கார ஊர் அல்லவா, பயந்தவர்களைவிடக் குறை சொன்னவர்கள்தான் அதிகம். ஆளாளுக்குப் பேயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "மெஜந்தா மை ஒரு நூல் விலகியிருக்கே அண்ணாச்சி" என்றார்கள். குணசீலனுக்குப் பேய் வந்ததுகூடப் பெரிதில்லை, இந்தப் பேச்சுதான் பொறுக்கவில்லை. நிஜமாகவே ஒவ்வொரு பேயின் ஓரத்திலும் மெல்லிய ரோஸ் கோடு ஒன்று ஓடியது, அதனால்தான் அவை அழுது சிவந்த மாதிரியே தெரிந்தன என்று நான் நினைக்கிறேன். வெயில் பட்டுப் பட்டு அந்தக் கோடும் இரண்டாம் நாளே வெளுக்க ஆரம்பித்துவிட்டது. இப்படியே நாலு நாள் போனால் இதுகள் வெறும் தாளாகிப் போகும் என்று மை தெரிந்தவர்கள் சொன்னார்கள்.

இவ்வளவையும் ஊர் தாங்கிக்கொண்டது. செல்வக்கனியால்தான் தாங்க முடியவில்லை, காரணம் அவள் மகள் பொன்தர்ஷினி.

பொன்னுக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. முனை நசுங்கிய புத்தகத்தைக் கட்டில் சேர்க்காமல் மேசைப் பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்கு எடுத்துப் போவது வழக்கம், அப்படி ஒன்றைச் செல்வக்கனி கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். அந்தப் பேயும் மற்றவற்றோடு வெளியே வந்து, வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லருகே நின்ற வாழை மரத்தில் சாய்ந்து அழுதது. பொன்னு போய் அதன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

"வா பாப்பா, ஸ்கூல் வேன் வந்துரும்."

"இதோட அம்மா வரட்டும். அப்புறம் வாரேன்."

கெஞ்சினாள், மிரட்டினாள், பரோட்டா வாங்கி வந்தாள். பிள்ளை அங்கேயே சாப்பிட்டாள், அங்கேயே படுத்தாள், செல்வக்கனியும் பாயை எடுத்து வந்து அவளருகில் படுத்தாள். காலண்டர் லோடோடு வடக்கே போயிருந்த புருஷன் போனில், "தூக்கிட்டுப் போய் உள்ள போடு" என்றான். தூக்கிப் பார்த்தாள். பிள்ளை பிடித்த கையை விடவில்லை, பேயின் கை கூடவே நீண்டு வந்தது, தோள் பக்கம் கிழிய ஆரம்பிக்கிற சத்தம் கேட்டது, நாமெல்லாம் அறிந்த தாள் கிழிகிற சத்தம்தான் அது. பொன்னு போட்ட கூச்சலில் செல்வக்கனி அவளைப் பழைய இடத்திலேயே இறக்கி விட்டாள். இரண்டாம் நாள் சாயங்காலம் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. வந்து பார்த்த டாக்டர், பனியில் இப்படியே இன்னும் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும், எப்படியாவது உள்ளே கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். செல்வக்கனி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். தன் வாயில் வந்த பாட்டு தன் பிள்ளையையே இப்படி வெளியே உட்கார வைக்கும் என்று அவள் எங்கே நினைத்தாள்.

எட்டாம் ஃபாரம் எங்கே என்று தேடிப் புறப்பட்டார்கள். ஜன்னலோரம் இல்லை, கழிவுத் தாள்காரர் வண்டியில் ஏற்றிப் போயிருந்தார். அவர் எங்கே போட்டார் என்று கேட்கிற வேலையைப் பேய்களே மிச்சப்படுத்தின. நாற்பது ஐம்பது பேய்கள் ஒன்று சேர்ந்து, பட்டாசுக் குழாய் சுருட்டுகிற கொட்டகை ஒன்றின் வாசலில் போய் நின்று, உள்ளே பார்த்து "அம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தன. புத்தகத்தில் அவற்றுக்கு எழுதித் தராத சொல் அது. கொட்டகைக்குள் மூவாயிரம் அம்மாக்களும் விரற்கடைக் குழாய்களாகச் சுருட்டப்பட்டு, பசை காய்ந்து, சரவெடிக்குத் தயாராக அடுக்கியிருந்தார்கள். பிரித்தால் தூளாகத்தான் வரும். சுருட்டுகிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து, ஆளுக்கொரு பேயை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

அங்கிருந்தே குணசீலன் கனடாவுக்குப் போன் போட்டார். நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை பவளராணி டீச்சர் "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கடைசிப் பக்கம் இல்லாட்டி அதுகள் எப்பிடி வீட்டை போகும் தம்பி? நான் அந்தப் பக்கத்தைத் திரும்பவும் அனுப்பிவிடுறன், அடியுங்கோ. ஆனா பக்கத்தை வைச்சுத் தைச்சால் மட்டும் காணாது. ஆராவது மடியில இருத்தி, முதல் பக்கத்தில இருந்து வாசிச்சுக் காட்ட வேணும். பிள்ளையள் என்ன, பேய் என்ன, கதை முடியாமல் ஒண்டும் நித்திரை கொள்ளாது."

"மூவாயிரம் இருக்கு டீச்சர்."

"அப்ப மூவாயிரம் தரம் வாசியுங்கோ. சுணங்கினாலும் பரவாயில்லை."

மூன்றாம் நாள் காலை எட்டாம் ஃபாரம் அச்சாகி வந்தது, இந்த முறை மெஜந்தா ஒரு நூல்கூடப் பிசகவில்லை. மேசைப் பெண்கள் பின்னைப் பிடுங்கி, ஃபாரத்தை வைத்து, மறுபடி பின் அடித்தார்கள், அன்றைக்கு மட்டும் யாரும் பாடவில்லை. கட்டுகள் தெருத் தெருவாகப் போயின. சொன்னால் வெட்கம்தான், வருஷத்துக்குக் கோடிப் புத்தகம் அடிக்கிற ஊர் எங்கள் ஊர், மை காய்ந்ததா, ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறோமே தவிர, உட்கார்ந்து ஒரு புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அன்றைக்கு வாசித்தோம். லாரி ஆபீஸ் மாடியில் சுமை தூக்குகிறவர்கள் வாசித்தார்கள், ஏட்டையா ஸ்டேஷன் வாசலில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வாசித்தார், பேங்க் மேனேஜர் மடியில் இரண்டு பேய்களை வைத்துக்கொண்டு குரலை மாற்றி நாய் மாதிரிக் குரைத்தும் காட்டினார், சாமியார் மடத்துக்காரரும் பாதிரியாரும் எதிரெதிர்ப் படியில் உட்கார்ந்து ஒரே பாட்டை வேறு வேறு ராகத்தில் வாசித்தார்கள். எழுத்துக் கூட்டி வாசித்தவர்களும் உண்டு, அவர்கள் மடியிலிருந்த பேய்கள் பொறுமையாகக் காத்திருந்தன. எல்லோரும் கடைசியில் அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள்:

எட்டாம் வீட்டு வாசலிலே எட்டிப் பார்த்தாள் பேயம்மா
கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டாள், கண்ணைத் துடை என் செல்லம்மா

அந்த இடம் வந்ததும் மடியிலிருந்தது ஒரு பெருமூச்சு விடும், முதலில் காலை வைக்கும், அப்புறம் இடுப்பு, அப்புறம் தலை, பக்கத்துக்குள் போய் அம்மாவின் தோளில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். வாசித்தவர்கள் புத்தகத்தை உடனே மூடவில்லை. வெறும் மடியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். நான்கு மணிக்குள் ஊரில் அழுகைச் சத்தம் அநேகமாக நின்றுபோனது.

செல்வக்கனி முனை நசுங்கிய புத்தகத்தில் கடைசி ஃபாரத்தைத் தன் கையாலேயே வைத்துப் பின் அடித்து, ஞானசுந்தரியைக் கையோடு இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். வாழை மரத்தடியில் பொன்னு கண் சொருகி உட்கார்ந்திருந்தாள், ஒரு கை பேயின் கைக்குள். பேய் வெளுத்து, கண் மட்டும்தான் தெரிந்தது.

"நான் வாசிக்கட்டுமா மதினி?" என்றாள் ஞானசுந்தரி.

"எனக்குச் சொல்லு. நானே சொல்லுறேன்."

ஞானசுந்தரி எட்டாம் பாட்டை அவள் காதில் இரண்டு தரம் சொன்னாள். செல்வக்கனி பேயைத் தூக்கி மடியில் வைத்து, பக்கத்தைப் புரட்டிப் புரட்டி, முதல் பாட்டிலிருந்து பாடினாள். ஏழாம் பாட்டு முடிந்ததும் பழக்கத்தில் குரல் நின்றது. மூச்சை இழுத்துக்கொண்டு எட்டாவதையும் பாடினாள். பேய் காலை வைத்தது, இடுப்புவரை உள்ளே போனது, அப்புறம் நின்றுவிட்டது. பொன்னு கையை விடவில்லை.

"விடு பாப்பா. அதோட அம்மா வந்துட்டா பாரு."

"லேட்டா வந்திருக்கா."

"ஆமா. லேட்டுதான்."

"நீயும் அன்னைக்கு லேட்டா வந்த."

ஆடி மாதத்தில் ஒரு நாள். டைரி வேலை நெருக்கடி, ஃபாரம் எடுக்கிற பாட்டின் சுகத்தில் மணி போனதே தெரியாமல், அன்று வேன் வராது, மூன்றரைக்கு வந்து அழைத்துப் போங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி விட்டதை மறந்து, செல்வக்கனி ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தாள். மற்றப் பிள்ளைகளெல்லாம் போய்விட்ட பள்ளிக்கூடத்து கேட்டில் சாய்ந்து நின்று பொன்னு அழுதுகொண்டிருந்தாள். முதலாளி விடவில்லை என்று செல்வக்கனி சொன்னாள், எதுக்கு அழுற, அதான் வந்துட்டேன்ல என்று அதட்டவும் செய்தாள். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட நடந்து வந்தாள், அதோடு அது முடிந்தது என்று அவள் நினைத்திருந்தாள்.

செல்வக்கனி வாழை மரத்தடி ஈரத்தில் பிள்ளைக்கு நேராக உட்கார்ந்தாள்.

"முதலாளி விடலைன்னு அன்னைக்குச் சொன்னது பொய் பாப்பா. நான் உன்னை மறந்துட்டேன். பாடிக்கிட்டே மறந்து போயிட்டேன். நீ அழுதது சரிதான். நான்தான் திட்டியிருக்கக் கூடாது."

பொன்னு அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் யோசித்து முடிக்கும்வரை பேயும் இடுப்பளவில் அப்படியே காத்திருந்தது. பிறகு அவள் விரல்களை ஒவ்வொன்றாக விட்டாள், பேய் உள்ளே போய்த் தன் அம்மாவின் தோளில் சாய்ந்தது, ஞானசுந்தரி புத்தகத்தை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

மூன்று நாளாக வெளியே கிடந்த பிள்ளை இரண்டு கையையும் மேலே நீட்டினாள். செல்வக்கனி தூக்கினாள். நெற்றியெல்லாம் வேர்த்து உடம்பு குளிர ஆரம்பித்திருந்தது. வீட்டுப் படி ஏறும்போது அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் சத்தமாக வெடித்து, தெருவில் புத்தகம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் இன்னும் ஒரு பேய் பாக்கியோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

பொன்னு அம்மாவின் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"எதுக்கும்மா அழுற? அதான் வந்துட்டேன்ல" என்றாள். அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன குழம்பு?" என்று கேட்டாள்.